துருவுக்கு அவசரம் இல்லை

(குள்ளஞ்சாவடியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் கையில் இருப்பது ஒரு பாய்லர் குழாய்த் துண்டு. ஒரு சாண் நீளம்கூட இல்லை. என் அப்பா நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்பு வேலையில் இருந்தவர். ஒரு ஷட்டவுனில் வெட்டிப் போட்ட பழைய குழாயிலிருந்து இந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வந்தார். எங்கள் வீட்டு மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க இதுதான் பாரம். இதன் ஒரு பக்கச் சுவர் முழுத் தடிமனோடு இருக்கிறது. எதிர்ப்பக்கச் சுவரை விரலால் தடவினால் கத்தி விளிம்பு மாதிரி இருக்கும். ஒரே குழாய், ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்று சிறுவயதில் கேட்டேன். "எனக்கும் அதான் தெரியலை. நீ படிச்சு வந்து சொல்லுப்பா" என்றார். அந்தக் கேள்வியோடுதான் நாற்பது வருடம் ஆய்வகங்களில் இருந்தேன். இன்று நான் பேசப்போவதும் அதுதான்.

பாடநூலில் இதற்கு அரிமானம் என்று பெயர். நல்ல சொல். கரையான் மரத்தை அரிக்கிறது, ஆறு கரையை அரிக்கிறது, உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. மூன்றையும் ஒரே வினைச்சொல்லால் நம் ஆட்கள் எப்போதோ சேர்த்துவிட்டார்கள். இரும்பில் வந்தால் துரு, செம்பில் வந்தால் களிம்பு என்று தனித்தனிப் பெயரும் வைத்தார்கள். தாதுவிலிருந்து நெருப்பை ஊட்டிப் பிரித்தெடுத்த உலோகம், காற்றும் நீரும் கிடைத்தால் தாதுவாகவே திரும்பப் போகப் பார்க்கும். அந்தத் திரும்பு பயணம்தான் அரிமானம். அதை யாராலும் நிறுத்த முடியாது. மெதுவாக்கலாம். எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று அளக்கலாம். என் துறை மொத்தமும் இந்த இரண்டு வேலைக்குள் அடங்கிவிடும்.

உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். 1956இல் நெய்வேலி நிறுவனம் பதிவானது. 1962இல், சோவியத் உதவியோடு எழுப்பிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. வளர்ந்து 600 மெகாவாட் ஆன அந்த நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. 58 வருடம். அத்தனை வருடமும் அதற்குத் தொல்லை கொடுத்தது என்ன என்று பாய்லரில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். "டியூப் லீக்" என்பார்கள். லீக் வந்தால் அலகை நிறுத்துவார்கள், சூடு தணியவிடுவார்கள், சாரம் கட்டி உள்ளே போவார்கள், குழாயின் தடிமனை ஒலியலைக் கருவியால் பார்ப்பார்கள், தேய்ந்த துண்டை வெட்டிப் புதுத் துண்டைப் பற்றவைப்பார்கள், மறுபடி நெருப்பேற்றுவார்கள். அந்தக் கைகள் இந்த அவையிலும் இருக்கின்றன.

கடலூர் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் அணு உலைகள் இருக்கும் கல்பாக்கம் வருகிறது. அங்கேயும் நீராவிதான், சுழலிதான், மின்சாரம்தான். ஆனால் அங்கே நெருப்பின் குணம் வேறு. நமக்குப் பக்கத்தில் வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்தவருக்காக அதை அணையாமல் காக்கிறார்கள். அணு உலையின் அடுப்பை நாம் அணைக்க நினைத்தாலும் உடனே அணையாது. சங்கிலி வினையை நிறுத்திய நொடியிலும், அதுவரை ஓடிய வெப்பத்தில் 100க்கு 6 பங்கு போல எரிபொருளுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கழித்தும் 100க்கு அரைப் பங்கு போல மிச்சம் இருக்கும். அந்தச் சூட்டை யாராவது வாங்கிக்கொண்டு போகவேண்டும். வாங்கிக்கொண்டு போவது தண்ணீர். தண்ணீரைத் தாங்குவது குழாய். அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் சாரம் கட்டி ஆள் போக முடியாது. கதிர்வீச்சு விடாது. நெய்வேலியில் ஓட்டை விழுந்த பிறகு பார்த்துச் சரிசெய்யலாம் என்றால், கல்பாக்கத்தில் ஓட்டை விழுவதற்குப் பல வருடம் முன்பே தெரிந்திருக்கவேண்டும். எங்கள் ஆய்வுக்கு அவசியம் வந்தது இதனால்தான்.

1971இல் கல்பாக்கத்தில் உலை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆனது. அங்கே அரிமானத்துக்கென்றே ஒரு குழு வளர்ந்தது. ஞானமூர்த்தி, கடக், காமாட்சி முதலி ஆகியோரின் பெயர்களைத் துறையில் இருப்பவர் எல்லோரும் அறிவர். துருவேறா எஃகின் அரிமானம் பற்றிக் கடக்கும் பல்தேவ் ராஜும் சேர்ந்து பதிப்பித்து 2002இல் வந்த நூல் இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. ஹோமி பாபா தேசிய நிறுவனம் 2005இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனபிறகு, அந்த ஆய்வகத்தில் வேலை செய்தபடியே முனைவர் பட்டம் வாங்கலாம் என்றானது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலோகங்களை இணைப்பதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. அதை இந்தக் குழுவோடு சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு: அரிமானம் பெரும்பாலும் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் முதலில் வாய் வைக்கும்.

அது எப்படி என்று கொஞ்சம் நின்று சொல்கிறேன். துருவேறா எஃகு என்று நாம் சொல்லும் பாத்திர எஃகில் குரோமியம் இருக்கிறது. அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு தோலாகப் படிந்து உள்ளே இருப்பதைக் காக்கிறது. தோல் கிழிந்தால் தானே மூடிக்கொள்ளும். அதற்கு 100க்கு 12 பங்கு போல குரோமியமாவது அங்கே இருக்கவேண்டும். பற்றவைக்கும்போது கோட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பட்டையில் சூடு 450 டிகிரிக்கும் 850 டிகிரிக்கும் நடுவே நிற்கிறது. அந்தச் சூட்டில் எஃகில் உள்ள கரி, குரோமியத்தை இழுத்துக்கொண்டு எஃகின் நுண்படிக மணிகளின் எல்லைக்கோட்டில் போய்க் குடியேறுகிறது. எல்லையை ஒட்டிய இடம் குரோமியம் இல்லாமல் வறண்டுவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பு மாறாது. உள்ளே வேலி ஓரமெல்லாம் காவல் இல்லாத வயல். அதில் கடல் உப்பின் குளோரைடும், பற்றவைத்ததால் உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்தால் மயிரிழை வெடிப்பு எல்லைக்கோடு வழியே ஓடும். எடை குறையாது, தடிமன் குறையாது, ஒருநாள் பிளந்து நிற்கும். கடற்கரையில் கட்டும் உலைக்கு இந்த ஆபத்து ஓடத் தொடங்கிய பிறகுதான் வரும் என்றில்லை. கிடங்கில் சும்மா வைத்திருக்கும்போதே வரலாம். அதனால்தான் துருவேறா எஃகுப் பாகங்களை உறைபோட்டு மூடிவைக்கிறார்கள். அவற்றில் எண் எழுதும் பேனாவின் மையிலும் ஒட்டும் டேப்பிலும்கூடக் குளோரைடு இருக்கக்கூடாது என்று விதி.

இதைச் சோதிக்கும் முறைகளைப் பார்த்தால் பாட்டி வைத்தியம் போல எளிமையாக இருக்கும். எஃகுத் துண்டை வளைத்து, கொதிக்கும் மெக்னீசியம் குளோரைடில் 155 டிகிரியில் போட்டுவிட்டு எத்தனை மணி நேரத்தில் வெடிக்கிறது என்று காத்திருப்பது ஒன்று. இன்னொன்று, கொதிக்கும் 65 சதவீத நைட்ரிக் அமிலத்தில் 48 மணி நேரம் வைத்து எடுத்து, கழுவி, உலர்த்தி, எடை போட்டு, புது அமிலத்தில் மறுபடி 48 மணி நேரம், இப்படி ஐந்து முறை. எரிந்த எரிபொருளைக் கரைத்துப் பிரிக்கும் ஆலையில் நைட்ரிக் அமிலம்தான் வேலைக்காரன் என்பதால் கல்பாக்கத்துக்கு இந்தச் சோதனை மிக நெருக்கமானது. இந்த வழியில் வந்த முடிவுகளால்தான் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலைக்குக் கரியை 0.03 சதவீதத்துக்குள் அடக்கி, இழந்த வலிமைக்கு ஈடாக நைட்ரஜன் சேர்த்த 316எல்என் என்ற எஃகைத் தேர்ந்தார்கள். ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை பேரின் இளமை போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அதே உலையில் சூட்டைச் சுமப்பது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் அதே சோடியம். ஆச்சரியம் என்னவென்றால், தூய சோடியம் எஃகை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. அதில் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் சில பங்கு கலந்தால்தான் தொல்லை. அதனால் ஓட்டத்தின் ஒரு கிளையைக் குளிர்ந்த பொறிக்குள் விட்டு, அழுக்கைப் படியவைத்து, தெளிந்ததை மட்டும் திரும்ப விடுகிறார்கள். உண்மையான கண்டம் நீராவி ஆக்கியில் இருக்கிறது. 23 மீட்டர் நீளக் குழாய்கள், சுவர் 2.3 மில்லிமீட்டர். உள்ளே உயர் அழுத்தத்தில் தண்ணீர், வெளியே சோடியம். நம் கட்டைவிரல் நகத்தைப் போல நாலைந்து மடங்கு தடிமன்தான் இரண்டையும் பிரிக்கிறது. அங்கே துருவேறா எஃகைப் போடாமல், குளோரைடு வெடிப்புக்கு அசையாத, 9 பங்கு குரோமியமும் 1 பங்கு மாலிப்டினமும் கொண்ட எஃகைப் போட்டார்கள். பெயரில் 'துருவேறா' என்று இருப்பது எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல என்று கண்டுபிடித்ததும் இதே அரிமானக்காரர்கள்தான்.

கல்பாக்கத்திலேயே இருக்கும் சென்னை அணுமின் நிலையத்தின் கதை இன்னும் நம் மண்ணோடு ஒட்டியது. 1984இலும் 1986இலும் ஓடத் தொடங்கிய இரண்டு உலைகள் அவை. ஒவ்வொன்றிலும் 306 அழுத்தக் குழாய்கள். உள்ளே எரிபொருள், அதைத் தழுவி ஓடும் கனநீர். குழாய் சிர்கோனியம் உலோகக் கலவை. சிர்கோனியம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் பழையகாயலில் அதைப் பிரித்தெடுக்கும் ஆலை 2009 முதல் இருக்கிறது. நியூட்ரானை அதிகம் விழுங்காத உலோகம் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். ஆனால் கனநீர் அதையும் மெதுவாக அரிக்கும். அரிக்கும்போது ஆக்சிஜன் மேலே தோலாகத் தங்கிவிடும்; பிரிந்த கன ஹைட்ரஜனில் ஒரு பகுதி உலோகத்துக்குள் நுழைந்துவிடும். எங்கே கொஞ்சம் குளிர்ந்த இடம் இருக்கிறதோ அங்கே போய்த் திரளும். திரண்ட இடம் பனங்கற்கண்டு போல உடையும். 1983 ஆகஸ்டில் கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் ஒரு குழாய் இப்படித்தான் திடீரென்று பிளந்தது. அதே கலவைக் குழாய்கள் நம் உலைகளிலும் இருந்தன. அதன்பின் குழாய்களை உள்ளிருந்தே பார்க்கும் கருவிகள் செய்து, ஹைட்ரஜனைக் கணக்கிட்டுக்கொண்டே வந்து, 2002க்கும் 2006க்கும் இடையே கல்பாக்கத்தின் இரண்டு உலைகளிலும் எல்லாக் குழாய்களையும் கழற்றி நியோபியம் கலந்த புதிய குழாய்களை மாட்டினார்கள். அது உடைந்த பிறகு செய்த வேலை அல்ல. கணக்கு சொன்னதைக் கேட்டுச் செய்த வேலை.

அரிமானம் வலிமையை மட்டும் தின்பதில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். குழாயிலிருந்து கரைந்த துகள் நீரோடு உலைக்குள் போகிறது. அதில் கோபால்ட் இருந்தால் நியூட்ரான் பட்டுக் கோபால்ட்-60 ஆகிறது. அதன் வீரியம் பாதியாகக் குறைய 5 வருடத்துக்கு மேல் ஆகும். அது வெளியே வந்து வால்விலும் பம்பிலும் படியும். அங்கே வேலை செய்யும் தொழிலாளியின் உடல்மேல் அந்தக் கதிர் விழும். ஒரு கிராம் துரு குறைந்தால் ஒரு மனிதர் மேல் விழும் கதிரும் குறைகிறது. ஈனுலையில் தேய்மானம் தாங்கும் மேற்பூச்சுக்குக் கோபால்ட் கலவையை விட்டுவிட்டு நிக்கல் கலவைக்குப் போனது இந்தக் காரணத்தால்தான். என் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு அது.

வெளியூரில் நடந்த இரண்டு சம்பவங்களை மட்டும் சொல்கிறேன். 2004 ஆகஸ்ட் 9, ஜப்பானின் மிஹாமா. வெந்நீர்க் குழாய் ஒன்று வெடித்து ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள். அணுப் பகுதி அல்ல அது. நெய்வேலியில் இருப்பது போன்ற சாதாரண நீராவிப் பகுதி. 10 மில்லிமீட்டர் சுவர், நீரின் வேகத்தில் கரைந்து கரைந்து 1.4 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. அந்த அலகு 1976இல் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட அந்த இடத்தில் யாரும் தடிமன் பார்க்கவில்லை. பரிசோதனைப் பட்டியலில் அந்த இடம் விட்டுப்போயிருந்தது. இன்னொன்று அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ், 2002 மார்ச். உலைக் கலத்தின் மூடியில் போரிக் அமிலம் கசிந்து, ஓர் அன்னாசிப்பழம் உட்காரும் அளவுக்கு எஃகைத் தின்றிருந்தது. அழுத்தத்தைத் தாங்கி மிச்சம் நின்றது ஒரு சென்டிமீட்டர் போல உள் உறை மட்டும். அதற்குமுன் வருடக்கணக்காக அந்தக் கட்டடத்தின் காற்று வடிகட்டிகளைச் செந்துருத் தூள் அடைத்துக்கொண்டே இருந்தது. வடிகட்டியை மாற்றினார்கள். தூள் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்கவில்லை. மிஹாமாவில் இறந்தவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பாவின் சக தொழிலாளிகளின் முகம்தான் வரும்.

இனி என் மனதில் நெடுநாளாக உள்ளதைச் சொல்கிறேன். துருவுக்கு அவசரம் இல்லை. ஆய்வுத் திட்டங்களுக்கு அவசரம் இருக்கிறது. பணம் மூன்று வருடத்துக்கு வருகிறது. மாணவர் ஐந்து வருடத்தில் பட்டம் வாங்கவேண்டும். உலை நாற்பது, அறுபது வருடம் ஓடவேண்டும். கொதிக்கும் அமிலத்தில் பத்து நாளில் நடப்பதை வைத்து முப்பது வருடம் கழித்து நடப்பதைச் சொல்கிறோம். பல இடத்தில் அது சரியாக வருகிறது. எங்கே தவறும் என்று அறிய, உண்மையான நீரில், உண்மையான சூட்டில், பதினைந்து இருபது வருடம் கிடக்கும் மாதிரிகள் வேண்டும். போட்டவர் எடுக்கமாட்டார். எடுப்பவர், போட்டவர் கைப்பட எழுதிய குறிப்பை நம்பவேண்டும்.

நான் வேலை பார்த்த இடம் ஒன்றில், எனக்கு முன்பிருந்த ஒருவர் 14 வருடமாகப் பாதுகாத்து வந்த மாதிரிகள் இருந்தன. அவர் ஓய்வு பெற்றார். அறை மாற்றினார்கள். எண் பொறித்த சிறு எஃகுத் துண்டுகள் நிறைந்த பெட்டியைப் பழைய இரும்பு என்று எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது பெட்டி இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. குறிப்பேடுகள் இருந்தன, துண்டுகள் இல்லை. அந்த இழப்பை இன்றும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. 14 வருடத்தை எந்த நிதியாலும் திரும்ப வாங்க முடியாது.

இந்த இடத்தில்தான் அறக்கட்டளை என்ற சொல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. முதலைத் தொடாமல் வைத்து, அதன் பலனை மட்டும் வருடாவருடம் செலவழிப்பது. நிறுவியவர் போனபின்னும் வேலை நிற்காமல் நடப்பது. அரிமான ஆய்வுக்கு வேண்டியது இந்த ஏற்பாடேதான். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது எப்படி? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். அந்த ஆய்வகத்தார் மண்டபம் கடற்கரையில் தட்டுகளைக் காற்றிலும் கடலிலும் தொங்கவிட்டு வருடக்கணக்கில் எடை பார்த்தார்கள். இந்தியாவில் எந்த ஊர்க்காற்று இரும்பை எவ்வளவு அரிக்கும் என்று ஒரு வரைபடமே போட்டார்கள். பாலம் கட்டுகிறவருக்கும் மின்கோபுரம் நடுகிறவருக்கும் அது பயன்பட்டது. ஒரு வணிகர் கொடுத்த நிலத்தில் நின்று செய்த வேலை அது.

நண்பர்கள் சிலர் கூட்டத்துக்கு முன் என்னிடம் கேட்டார்கள்: அணு உலையைக் கண்டு பயப்படவேண்டுமா, வேண்டாமா? கூடங்குளத்தில் மக்கள் கேட்டதும் இதுதான். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரு குழாயைப் பற்றி என்னிடம் கேட்டால், அதன் தடிமன் என்ன, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், யார் பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். அதே மூன்று கேள்வியைக் கேட்கும் உரிமை உலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மீனவருக்கும் உண்டு. பதில் தமிழில், அவர் படிக்கும்படி அச்சிட்டு வரவேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. ஆனால் அவை வெளிநாட்டு இதழ்களில் வருகின்றன. இது எங்கள் தலைமுறை செய்யாமல் விட்ட வேலை. பிள்ளைகளே, நீங்கள் செய்யவேண்டும்.

அப்பாவுக்குப் பதில் சொல்லிவிட்டேன். அவர் இருக்கும்போதே சொன்னேன். தேய்ந்த பக்கம் நெருப்பைப் பார்த்த பக்கம். அங்கே உள்ளே செதில் படிந்தது. செதில் சூட்டைத் தடுத்ததால் குழாய்ச் சுவர் தண்ணீரிடம் சூட்டைக் கொடுக்க முடியாமல் கொதித்தது. செதிலுக்கு அடியில் தேங்கிய நீர் காரமாகித் தின்றது. "அப்போ தண்ணி சுத்தமா இருந்திருக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன், ஒத்துக்கொண்டார்கள். நாம் கூடியிருக்கும் இந்த நூலகத்து மாடியில் காலையில் ஒரு மரச்சட்டம் மாட்டியிருக்கிறோம். அதில் 10க்கு 15 சென்டிமீட்டரில் 16 சாதா இரும்புத் தட்டுகள், கிழக்குப் பார்த்துச் சாய்வாக. கிழக்கே கடலூர்க் கடற்காற்று, மேற்கே நெய்வேலிப் புகைபோக்கி; நம் ஊர்க்காற்று இரண்டுக்கும் நடுவில் என்ன செய்கிறது என்று அவை பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கிறது. ஒரு வருடம், இரண்டு வருடம், நாலு வருடம், எட்டு வருடம் ஆனதும் நாலு நாலு தட்டாக இறக்கி, பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் துருவை நீக்கி எடை போடவேண்டும். இன்று எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குக் கடைசி நாலு தட்டை இறக்கும்போது 21 வயது ஆகியிருக்கும்.

குறிப்பேடு நூலகர் மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் 16 எடைகளும் எழுதியாகிவிட்டது. அதற்கு நேரே என் கையெழுத்து. அடுத்த தை மாத வரிசையில் கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மாடிக்கு வாருங்கள். ஏணி சிறியது, ஒருவர் பின் ஒருவராக ஏறலாம்.